செம்மறியின் குளம்பும் ஐப்பசி மழையும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் செம்மறி வளர்ப்பவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் ஆட்டின் காலைப் பார்த்தே கழிகிற மாதங்கள். வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதி அப்போதுதான் கொட்டுகிறது. அதே நேரத்தில் வயல்களில் சம்பா நின்றுகொண்டிருப்பதால் மந்தையை அங்கே இறக்க முடியாது. சொந்தமாக மேட்டு நிலம் இல்லாதவர்கள் ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், சாலையோரம், புறம்போக்கு என்று மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியிருக்கிறது. எல்லா மந்தைகளும் அதே குறுகிய தடங்களில் போய் வருவதால் சேறு மிதிபட்டுக் கூழாகிவிடுகிறது. ஒரு மந்தையின் கால் உதறிவிட்டுப் போனதை அடுத்த மந்தையின் கால் ஏற்றுக்கொள்கிறது. நாங்கள் வைத்திருப்பது இந்தப் பகுதிக்கே உரிய மெட்ராஸ் சிவப்பு இனம். கம்பளிக்காக அல்லாமல் இறைச்சிக்காக வளர்க்கப்படும் இந்த ஆடு வெயிலையும் தீவனக் குறைவையும் நன்றாகத் தாங்கும். ஆனால் நாள்கணக்கில் ஈரத்தில் ஊறிய குளம்பை எந்த இனமும் தாங்குவதில்லை.

மழைக்காலத்தில் நொண்டுகிற ஆடு எதுவானாலும் அதைச் சேற்றுப்புண் என்று சொல்லி ஒரே வைத்தியம் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கத்தியால் குளம்பைச் செதுக்கி, மண்ணெண்ணெயையோ பழைய என்ஜின் ஆயிலையோ ஊற்றி விட்டுவிடுவார்கள். தேறிய ஆடு மந்தையோடு போகும். தேறாதது கசாப்புக்குப் போகும். பல மழைக்காலங்களாக மந்தையின் கால்களைத் தூக்கிப் பார்த்தும், கால்நடை மருத்துவரோடு நின்று கேட்டும் நான் அறிந்தவரை, ஒரே வாரத்தில் நொண்டும் ஆடுகளுக்குள்ளேயே மூன்று நான்கு வெவ்வேறு காரணங்கள் கலந்திருக்கும். அவற்றில் சில கத்தி பட்டால் கெடும். சில கத்தி படாமல் ஆறாது. இன்னும் சிலவற்றுக்குக் குளம்பில் செய்ய வேண்டியது அநேகமாக எதுவும் இல்லை, நோய் வேறெங்கோ இருக்கும். எனவே எந்த மருந்து என்று கேட்பதற்கு முன் எந்த நொண்டல் என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலையின் பெரும்பகுதி.

முதலில் நொண்டலைக் கண்டுபிடிக்க வேண்டும். செம்மறி தன் வலியை மறைக்கும் பிராணி. ஆளைக் கண்டு மிரண்டு ஓடும்போது நொண்டுகிற ஆடும் நாலு காலில் சரியாகவே ஓடிவிடும். ஆகையால் பட்டியிலிருந்து விரட்டிவிட்டு எண்ணும் நேரத்தில் பார்த்துப் பயனில்லை. காலையில் பட்டிக்குச் சற்றுத் தள்ளி, அவற்றின் பார்வையில் படாமல் நின்று, அவை தாமாக எழுந்து சோம்பல் முறிக்கும்போதும், படலைத் திறந்தபின் நிதானமாக ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறும்போதும் பார்க்க வேண்டும். முன்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும் கணத்தில் தலை மேலே எழும்பி, நல்ல கால் ஊன்றும்போது தாழும். இரண்டு முன்கால்களிலும் புண் இருக்கும் ஆடு மண்டியிட்டு மேயும். புதிதாக ஆடு வாங்கியவர்கள் அது குட்டையான புல்லை எட்டுவதற்காக அப்படிச் செய்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். முழங்காலில் முடி தேய்ந்து தோல் தடித்திருந்தால், அந்த ஆடு வெகுநாளாக அப்படித்தான் மேய்கிறது என்று பொருள்.

எங்கள் மந்தையை மேய்க்கும் பெரியவர் இதிலும் ஒரு படி முன்னால் போவார். நான் ஓர் ஆட்டைக் காட்டி, “இது இன்று நொண்டுகிறதே ஐயா” என்றால், “அது நேத்தே கால் மாத்தி மாத்தி நின்னுச்சு தம்பி, நீங்க இன்னிக்கித்தான் பார்த்தீங்க” என்பார். நிற்கும்போது எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும் ஆடு அடுத்த நாள் நொண்டும் என்பது அவர் கணக்கு. அது பெரும்பாலும் பலிக்கிறது. அப்படிச் சந்தேகப்படும் ஆட்டின் முதுகில் அந்த இடத்திலேயே சாயக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டால், மாலையில் கூட்டத்துக்குள் தேட வேண்டியதில்லை.

பிறகு காலைத் தூக்கிப் பார்க்கும் வேலை. ஆட்டைப் பிட்டத்தில் உட்காரவைத்து, அதன் முதுகை நம் முழங்கால்களுக்கு இடையில் சாய்த்துக்கொண்டால் நாலு காலும் நம் கைக்கு எட்டும். நிறைசினை ஆட்டை அப்படி உட்காரவைக்கக் கூடாது. நின்ற நிலையிலேயே ஒவ்வொரு காலாக மடக்கித்தான் பார்க்க வேண்டும். சேற்றோடு பார்க்கும் குளம்பில் எதுவும் தெரியாது என்பதால், ஒரு வாளித் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் பக்கத்தில் இருக்கட்டும். கழுவியபின், முதலில் இரண்டு விரல்களுக்கு, அதாவது பிளந்த குளம்பின் இரு பாதிகளுக்கு, நடுவிலுள்ள தோல், அடுத்து குதிகால், உள்ளங்குளம்பு, சுவரும் அடிப்பகுதியும் சேரும் வெள்ளைக் கோடு, கடைசியாகக் குளம்பும் முடியும் சந்திக்கும் விளிம்பு என்ற வரிசையில் பார்ப்பது என் வழக்கம். ஒரே காலின் இரண்டு விரல்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தால் எது சூடாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூக்கையும் பயன்படுத்த வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செம்மறியின் நான்கு கால்களிலும், இரண்டு விரல்களும் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே, முன்புறத்தில், சிறிய துளை ஒன்று உண்டு. அழுத்தினால் மெழுகு போன்ற பிசுக்கு வெளியே வரும். அது இயற்கையாக உள்ள சுரப்பியின் வாய். வெள்ளாட்டுக்கு அது கிடையாது. அதனால் வெள்ளாடு வளர்த்துப் பழகிவிட்டுச் செம்மறிக்கு வருபவர்கள் அதைச் சீழ் பிடித்த துவாரம் என்று எண்ணிப் பிதுக்கி, ஈர்க்குச்சி விட்டுக் குடைந்து, நன்றாக இருந்த காலைப் புண்ணாக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் துளையில் சேறோ புல்விதையோ அடைத்து, சுற்றிலும் வீங்கி, தொட்டால் ஆடு காலை இழுத்தால் மட்டுமே அதைக் கவனிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் அதிகம் காண்பது விரலிடைப் புண். இரண்டு விரல்களுக்கு நடுவே தோல் சிவந்து, முடி உதிர்ந்து, ஈரமாக, மேலே வெண்மையான பசை படிந்ததுபோல் இருக்கும். குளம்பு எங்கும் பிரிந்திருக்காது. நாற்றமும் பெரிதாக இருக்காது. சாணத்திலும் சேற்றிலும் எப்போதும் இருக்கும் ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற நுண்ணுயிர், ஈரத்தில் ஊறி நெகிழ்ந்த தோலுக்குள் நுழைவதால் இது வருகிறது. குட்டிகளுக்கு இது சட்டென்று பிடிக்கும். உலர்ந்த தரையில் நிறுத்தி மருத்துவர் சொல்லும் மேல்மருந்தைத் தெளித்தால் பெரும்பாலும் சில நாள்களில் அடங்கிவிடும்.

இதே இடத்தில் டைக்கெலோபாக்டர் நோடோசஸ் என்ற இன்னொரு நுண்ணுயிர் வந்து சேர்ந்தால்தான் அது குளம்பழுகல் நோயாக மாறுகிறது. இது குளம்பின் கொம்புப் பொருளைக் கரைக்கும் நொதிகளைச் சுரப்பது. காற்றுப் படாத இடத்தில்தான் பெருகும். குதிகாலுக்குப் பக்கத்தில், விரலிடைத் தோலும் குளம்பும் சேரும் உள்விளிம்பில் முதலில் ஒரு மெல்லிய பிரிவு தெரியும். பிறகு அது உள்ளங்குளம்பின் அடியில் பரவி, முற்றினால் வெளிச்சுவர்வரை குளம்பைத் தசையிலிருந்து பெயர்த்துவிடும். பிரிந்த இடத்தில் சாம்பல் நிறக் கூழ் இருக்கும். அதன் நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர் பிறகு மறக்கமாட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் இரவுச் சோறு சாப்பிடும்போது விரலில் வரும். விரலிடைப் புண்ணா, குளம்பழுகலா என்ற சந்தேகத்தை மருத்துவர் வருவதற்கு முன்பே ஓரளவு தீர்ப்பது இந்த நாற்றமும் அந்த உள்விளிம்புப் பிரிவும்தான்.

டைக்கெலோபாக்டர் நோடோசஸ் தரையில் நெடுநாள் உயிரோடு இருப்பதில்லை என்பது வளர்ப்பவர்களுக்குச் சாதகமான செய்தி. நோயுற்ற காலை விட்டு மண்ணில் விழுந்தபின் பொதுவாக 2 வாரங்களுக்குள் அது அழிந்துவிடுகிறது. செதுக்கிப் போட்ட குளம்புத் துண்டுகளுக்குள் மட்டும் அதைவிட அதிக நாள் பிழைத்திருக்கும். ஆக, நோயின் உண்மையான இருப்பிடம் மண் அல்ல, ஆட்டின் காலே. மழை முடிந்து எல்லாம் காய்ந்தபின் நோய் ஒழிந்துவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, கோணலாக வளர்ந்த ஏதோ ஒரு குளம்பின் மடிப்புக்குள் அது அடுத்த மழைவரை காத்திருக்கும்.

கத்தியைப் பற்றி இனிப் பேசலாம். நொண்டும் ஆட்டின் குளம்பை உடனே செதுக்கிக் காற்றுப் படவைக்க வேண்டும் என்பது இங்கு மட்டுமல்ல, ஆடு வளர்க்கும் நாடுகள் பலவற்றிலும் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வந்த பாடம். காற்றுப் பட்டால் அந்த நுண்ணுயிர் வாழாது என்பதால் கேட்பதற்கும் அது சரியாகவே படும். ஆனால் இங்கிலாந்தில் ஜாஸ்மீத் காலர், லாரா கிரீன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட களச்சோதனை இதைத் தலைகீழாக்கியது. குளம்பழுகல் கண்ட ஆடுகளுக்குக் குளம்பைச் செதுக்காமல், நீண்டநேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும் மேலே தெளிப்பு மருந்தும் கொடுத்தபோது பெரும்பாலானவை 10 நாள்களுக்குள் தேறின. செதுக்கி, தெளிப்பு மருந்து மட்டும் கொடுத்தவை மிக மெதுவாகவே தேறின. செதுக்கும்போது உயிருள்ள தசை வெளிப்பட்டுப் புண் பெரிதாவதும், ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்குக் கத்தியே நோயைச் சுமந்து செல்வதும் இதற்குக் காரணங்கள். அதே நாட்டில் பண்ணை விலங்குகள் நலக் குழு 2011-இல், அன்று நூற்றுக்குச் சுமார் 10 ஆடுகள் நொண்டிக்கொண்டிருந்த நிலையை 2016-க்குள் 5-க்கும், 2021-க்குள் 2-க்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதற்காக அங்கே வளர்ப்பவர்களிடம் முதலில் வற்புறுத்திய செய்திகளில் ஒன்று, நொண்டும் ஆட்டுக்கு 3 நாள்களுக்குள் மருந்து கொடுங்கள், கத்தியைத் தொடாதீர்கள் என்பது.

அங்குள்ள குளிரும் புல்வெளியும் வேறு, நம் சேறு வேறு என்று சொல்பவர்களுக்கு என் பதில், குளம்பும் நுண்ணுயிரும் ஒன்றுதான் என்பதே. எங்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் இந்த முறைக்கு மாறியபின், அழுகிய குளம்பு தானாகவே அடியிலிருந்து புதிதாக வளர்ந்து, பிரிந்த பகுதியை வெளியே தள்ளுவதை நாங்கள் கண்ணால் பார்த்துவருகிறோம். செம்மறியின் குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வளரக்கூடியது. நோயை நிறுத்திவிட்டால் வடிவத்தை அதுவே திருத்திக்கொள்ளும். ஊசியின் அளவு ஆட்டின் எடையைப் பொறுத்தது. அதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும். ஊசி போட்ட ஆட்டை எத்தனை நாள் கழித்து இறைச்சிக்கு விற்கலாம் என்பது மருந்துப் புட்டியின் சீட்டிலேயே இருக்கும். பக்ரீத்துக்கு முன் அவசரமாகக் கிடாவுக்கு ஊசி போட்டு அந்த வாரமே விற்பது வாங்கிச் சாப்பிடுபவருக்குச் செய்யும் துரோகம்.

ஊசியைத் தொடையில் போடவிடாதீர்கள். செம்மறியின் தொடையில் சதை குறைவு. அதன் ஊடே பெரிய நரம்பு ஓடுகிறது. ஊசி அதைத் தொட்டுவிட்டால், குளம்பு நொண்டலுக்கு வைத்தியம் பார்க்கப் போய்ப் பின்காலையே இழுத்து நடக்கும் நிலை வரும். குடற்புழு மருந்து, தடுப்பூசி, சத்து ஊசி என்று எதற்கானாலும் கழுத்துப் பகுதியே பாதுகாப்பானது. தடுப்பூசி முகாம் முடிந்த மறுநாள் இரண்டு மூன்று ஆடுகள் ஒரே பக்கப் பின்காலை இழுத்தால், குளம்பைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் ஊசி எங்கே போட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம்.

மந்தையில் பல ஆடுகளுக்கு விரலிடைப் புண்ணோ குளம்பழுகலோ இருந்தால் தனித்தனியாக மருந்து தெளித்துக் கட்டாது, கால்குளியல் தேவைப்படும். நாங்கள் பயன்படுத்துவது துத்தநாக சல்பேட். நெல்லுக்கு அடியுரத்தோடு போடும் அதே ஜிங்க் சல்பேட்டாக அது உரக்கடைகளில் கிடைக்கிறது. 100 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ என்பது 10 சதவீதக் கரைசல். முந்தைய நாள் மாலையிலேயே கரைத்துவைத்தால் அடியில் கட்டி நிற்காது. குளம்பு முழுவதும் மூழ்க வேண்டுமென்பதால் தொட்டியில் கரைசலின் ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. எங்கள் தொட்டி பட்டி வாசலில் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசிய, ஓர் ஆடு மட்டும் நுழையும் அகலமுள்ள நீண்ட பள்ளம். இருபுறமும் மூங்கில் தடுப்பு. ஆடுகளை வெறுமனே நடத்திக் கடத்தாமல் சில நிமிடமாவது அதில் நிற்கவைக்க வேண்டும். நோய் முற்றிய கூட்டத்தை 15 நிமிடம்வரை நிறுத்தலாம்.

இந்த வேலையில் பலன் தருவதும் பாழாக்குவதும் கரைசலைவிட அதற்கு முன்னும் பின்னும் செய்வதுதான். சேறு அப்பிய காலோடு நுழைந்தால் முதல் இருபது ஆட்டுக்குள் கரைசல் குழம்பாகி வீரியம் போய்விடும். எனவே முன்னால் ஒரு வெறும் தண்ணீர்த் தொட்டி. ஆடுகள் தாகத்தோடு வந்தால் கரைசலைக் குடிக்கும். எனவே அதற்கு முன் தண்ணீர் காட்ட வேண்டும். குளியல் முடிந்ததும் நேராகச் சேற்றுக்குள் ஓட்டினால் செய்த செலவு வீண். குறைந்தது அரைமணி நேரம் சிமெண்ட் தளத்திலோ, காய்ந்த களத்திலோ நிற்க வேண்டும். மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட் மலிவு என்று அதைக் கரைப்பவர்கள் உண்டு. செம்மறிக்குச் செம்புச்சத்து மற்றக் கால்நடைகளைவிட எளிதில் விஷமாகும். நாலு மடக்குக் குடித்தாலும், மீந்த கரைசலை மேய்ச்சல் நிலத்தில் கொட்டினாலும் ஆபத்து. ஃபார்மலினும் சிலர் பயன்படுத்துவதுண்டு. 3 சதவீதத்துக்கு மேல் போனால் அது விரலிடைத் தோலைச் சுட்டுவிடும். திறந்த புண்ணில் பட்டால் ஆடு துள்ளும். அடுத்த முறை தொட்டிப் பக்கமே வராது. ஊற்றுகிறவர் கண்ணுக்கும் மூச்சுக்கும் அது கேடு. எனக்குத் துத்தநாகமே போதும்.

இதுவரை சொன்னவை குளம்பில் தொடங்கும் நோய்கள். மழைக்காலத்தில் நொண்டலாகத் தலைகாட்டும் வேறு இரண்டு நோய்களைக் குளம்பு நோய் என்று எண்ணிக் காலில் மருந்து போட்டுக்கொண்டிருந்தால் நாள் வீணாகும். ஒன்று நீலநாக்கு நோய். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு கடிப்பூச்சிகளால் பரவும் இது, தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் பெரும்பாலும் கிளம்புகிறது. ஆடு விறைத்துக் கூனி நடக்கும், எழுந்திருக்க மறுக்கும். தூக்கிப் பார்த்தால் விரலிடையில் புண் இராது. குளம்பும் முடியும் சேரும் விளிம்பில் சிவந்த அல்லது ஊதாநிறப் பட்டை சுற்றி ஓடும், தொட்டால் சுடும். அதைப் பார்த்தவுடன் முகத்தைப் பார்க்க வேண்டும்: உதடும் முகமும் வீங்கி, மூக்கு ஒழுகிக் காய்ந்து அடைத்து, உடம்பு கொதிக்கும். இதற்கு நடத்துவதும் மேய்க்க ஓட்டுவதும் ஆகாது. நிழலில் மெத்தென்று வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, கஞ்சியும் பசுந்தழையும் கொடுத்து மருத்துவரை அழைக்க வேண்டும். இந்நோயின் வைரஸில் 1, 2, 10, 16, 23 என்று எண்ணிட்ட ஐந்து வகைகளுக்கு எதிரான தடுப்பூசி இந்தியாவிலேயே தயாராகிறது. அதை மழைக்கு முன்பே போட்டால்தான் உடம்பில் எதிர்ப்பு உண்டாக நேரம் கிடைக்கும்.

மற்றொன்று கோமாரி. மாட்டுக்கு வந்தால் வாயில் எச்சில் ஒழுகி ஊருக்கே தெரியும். செம்மறிக்கு வாய்ப்புண் லேசாக வந்து ஆறிவிடுவதால் நொண்டல் மட்டுமே கண்ணில் படும். நேற்றுவரை சரியாக இருந்த மந்தையில் ஒரே நாளில் பல ஆடுகள், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட கால்களில் நொண்டினால், சேற்றைக் குறை சொல்லாமல் கோமாரியைச் சந்தேகிக்க வேண்டும். குளம்பு விளிம்பிலும் விரலிடையிலும் கொப்புளமோ, அது உடைந்த தோலோ இருக்கும். பால் குடிக்கும் குட்டிகள் எந்த அறிகுறியும் காட்டாமல் திடீரென்று சாவதும் இந்த நோயில் உண்டு. மந்தையை வெளியே விடாமல் நிறுத்தி, உடனே கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவித் தொலைபேசி எண்ணுக்கோ சொல்ல வேண்டும். 2019-இல் தொடங்கிய தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் செம்மறியும் வெள்ளாடும் சேர்க்கப்பட்டவைதாம். ஆனாலும் கோமாரி முகாம் என்றால் மாட்டை மட்டும் ஓட்டிப்போகும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் மாறவில்லை. ஒரே ஏரியில் மாடும் ஆடும் தண்ணீர் குடிக்கின்றன.

கோமாரிப் புண்ணுக்கு மரபுவழி மருந்து ஒன்று நன்றாக உதவுகிறது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலைகளை ஒவ்வொரு கைப்பிடி எடுத்து, பூண்டும் மஞ்சளும் சேர்த்து அரைத்து, நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்து, உப்புநீரால் கழுவித் துடைத்த காலில் தடவ வேண்டும். புழு வைத்திருந்தால் முதலில் சீத்தாப்பழ இலையை அரைத்துக் கட்டிப் புழுவை வெளியேற்றியபின் இதைத் தடவலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தாரே இந்த மருந்தைப் பரப்பியிருக்கிறார்கள். ஈ மொய்ப்பது நிற்கிறது; தோல் சீக்கிரம் மூடுகிறது. ஆனால் இது மேற்புண்ணுக்கான மருந்து. குளம்புக்கு அடியில் ஓடும் அழுகலை இதைத் தடவி நிறுத்தப் பார்ப்பவர்கள் ஆட்டை இழப்பார்கள்.

இனி, கத்தி வேண்டியிருக்கும் இடம். மந்தை முழுவதும் நன்றாக நடக்க, ஒரே ஆடு, ஒரே காலை, தரையில் வைக்கவே முடியாமல் தூக்கிக்கொண்டு நின்றால், அநேகமாக அது முள் அல்லது குளம்புச் சீழ். எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளில் வேலிக்காத்தான் இல்லாத இடமில்லை. வெட்டிப் போட்ட மிலாறுகள் சேற்றுக்கு அடியில் மறைந்திருக்கும். ஒரு விரல் மட்டும் சுடும். கட்டைவிரலால் உள்ளங்குளம்பை அழுத்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் ஆடு காலை வெடுக்கென்று உதறும். அந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி தெரியலாம். அங்கே மட்டும் நுனிக்கத்தியால் சிறிது திறந்தால் கறுத்த நீரோ மஞ்சள் சீழோ பீய்ச்சும். அடுத்த நிமிடமே ஆடு காலை ஊன்றத் தொடங்குவதைப் பார்ப்பது இந்த வேலையில் கிடைக்கும் சில நல்ல காட்சிகளில் ஒன்று. ஆழமாக இருந்தால் மருத்துவர் செய்யட்டும். திறக்காமல் விட்டால் சீழ் மேலே ஏறிக் குளம்பு விளிம்பில் உடையும். மூட்டுக்குள் போய்விட்டால் அந்த விரலே வீண்.

வளர்ந்த குளம்பைச் சீவுவது வேறு வேலை. மேய்ச்சலில் இருக்கும் ஆட்டுக்குக் கல்லும் மண்ணும் தேய்த்துவிடுவதால் ஆண்டு முழுவதும் சீவாமலே கழியும். பரண்மேல் கட்டி வளர்க்கும் ஆடுகளுக்குத் தேய்மானம் இல்லை. குளம்பு மடிந்து, முனை மேல்நோக்கி வளையும். அவற்றுக்கு மட்டும், நடை மாறும் அளவுக்கு வளர்ந்த பகுதியைச் செடி வெட்டும் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். உள்ளே இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கினால் அங்கேயே நிறுத்த வேண்டும். இரத்தம் வரும்வரை சீவினால் முனையில் சிவந்த சதை முளைத்து, ஆயுள் முழுவதும் நொண்டும் ஆடாகிவிடும். கோடையில் குளம்பு கல்லாக இறுகியிருக்கும். லேசான மழைக்குப் பிறகு இதைச் செய்வது ஆட்டுக்கும் கைக்கும் நல்லது. ஒவ்வோர் ஆட்டுக்கும் இடையில் கத்தரியைக் கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். சீவிய துண்டுகளைப் பொறுக்கி எரிக்க வேண்டும், குப்பைமேட்டில் போடக் கூடாது.

தரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மேய்ச்சல் தடத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ஆடு இரவு முழுவதும் படுக்கும் பட்டியும், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள இடமும், வாசலும் நம் கையில் இருக்கின்றன. குவாரித் தூளும் கிராவலும் கலந்து பட்டியை அரை அடி உயர்த்திச் சரிவு கொடுத்ததற்கு எங்களுக்கு ஆன செலவு, ஒரு மழைக்காலத்து மருந்துச் செலவைவிடப் பெரிதாக இல்லை. வாசலில் வாரம் ஒருமுறை நீர்த்த சுண்ணாம்பு தூவுகிறோம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சல்லி கொட்டியபின் அங்கே கூழாகும் சேறு இல்லாமல் போயிற்று. அறுவடைக்குப் பின் தாளடியில் கிடை போடும்போது, இயந்திரம் அறுத்த வயலில் தாள் விறைப்பாக நின்று விரலிடையில் குத்தும். முதல் சில நாள்களில் கால்களைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

மருந்து கொடுத்தும் ஒரே மழைக்காலத்தில் மறுபடி மறுபடி நொண்டும் ஆட்டை வைத்திருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நல்ல பால், நல்ல குட்டி என்று மனம் வராது; ஆனால் அதன் கோணல் குளம்புதான் மந்தைக்கு அடுத்த ஆண்டு நோயைக் கொடுக்கப் போகிறது. அதன் பெட்டைக் குட்டிகளைக்கூட நாங்கள் இனப்பெருக்கத்துக்கு நிறுத்துவதில்லை. கிடா தேர்ந்தெடுக்கும்போது கொம்பையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன் நாலு காலையும் பார்க்க வேண்டும். பின்காலில் வலியுள்ள கிடா ஏறாது, சினை பிடிக்காத பெட்டைகளைப் பார்த்துத்தான் நமக்கு விஷயம் தெரியவரும்.

வெளியிலிருந்து ஆடு வாங்குவதுதான் நோய் உள்ளே வரும் பெருவாசல். செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற பெரிய சந்தைகளில் விடியற்காலை இருட்டில் பேரம் முடிந்துவிடும். பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள்கூடக் காலைத் தூக்கிப் பார்ப்பதில்லை. டார்ச் வெளிச்சத்தில் நாலு காலையும் பார்க்க நாலு நிமிடம் போதும், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வாங்கிவந்த ஆட்டை மந்தையோடு சேர்க்காமல், தனி இடத்தில், தனித் தண்ணீரோடு 4 வாரம் வைக்க வேண்டும். வந்த அன்றே ஒரு கால்குளியல், பிறகு வாரம் ஒன்று. முதல் நாள் சுத்தமாகத் தெரிந்த காலில் இரண்டாம் வாரம் விரலிடை சிவக்கலாம் என்பதால், ஒவ்வொரு குளியலின்போதும் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டிக்குள் விடுகிறோம். 4 வாரத்துக்குள் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆட்டின் குளம்பு நாறினாலும், எல்லா ஆடுகளுக்கும் அன்றிலிருந்து மறுபடி 4 வாரம் எண்ணத் தொடங்குகிறோம்.